செம்புக் கம்பியில் இணையம்: கோரிப்பாளையத்து டயல்-அப் காலம்

பேச்சுக்காகப் போட்ட தொலைபேசிக் கம்பியின் வழியே கணினித் தரவை அனுப்பும் ஏற்பாடே டயல்-அப் இணையம். கணினி தரும் பிட்டுகளை மோடம் ஒலியாக மாற்றும். மறுமுனையில் இணையச் சேவை நிறுவனத்தின் மோடம் அந்த ஒலியைத் திரும்பவும் பிட்டுகளாக்கும். மனிதக் குரல் புரிவதற்குப் போதும் என்று தொலைபேசிப் பொறியாளர்கள் ஒதுக்கிய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைக்குள் அந்த ஒலி முழுதும் அடங்கியாக வேண்டும். 1990களின் இறுதியிலிருந்து 2005 வரை மதுரையில் இணைய வேகத்தைக் கூட்ட நடந்த முயற்சிகள் எல்லாம் இந்தக் குறுகிய சந்துக்குள் நடந்தவைதாம்.

வைகையின் வடகரையில், ஏ.வி. பாலம் இறங்கும் இடத்தில் இருக்கிறது கோரிப்பாளையம். தர்கா, அமெரிக்கன் கல்லூரி, மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி, அரசு இராஜாஜி மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி எல்லாம் நடந்து போகும் தூரத்தில் உள்ளன. மாணவர், பேராசிரியர், மருத்துவர் என்று இணையம் முதலில் தேவைப்பட்டவர்கள் இந்த வட்டாரத்தில்தான் நெருக்கமாக இருந்தனர். இன்னொரு வசதியும் உண்டு. தொலைபேசித் துறையின் அலுவலகங்கள் பக்கத்துத் தல்லாகுளத்தில் இருந்தன. டயல்-அப் காலத்தில் தொலைபேசி நிலையத்துக்குக் கிட்டத்தில் குடியிருப்பது பெரிய மோடம் வாங்குவதைவிடப் பயன் தந்தது. ஆனால் அந்த உண்மை பலருக்கும் தாமதமாகத்தான் விளங்கியது.

இந்தியாவில் கணினி வலையமைப்பு கல்விக்கூடங்களில் தொடங்கியது. 1986இல் மத்திய அரசின் மின்னணுத் துறையும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து உருவாக்கிய எர்நெட்டில் சென்னை ஐஐடியும் ஓர் உறுப்பு. தொடக்கத்தில் தொலைபேசியில் அழைத்து மின்னஞ்சலை மூட்டையாக மாற்றிக்கொள்வதே நடைமுறை. பின்னர் வந்த நிலையான இணைப்புகளும் விநாடிக்கு 9,600 பிட் அளவிலேயே ஓடின. பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனத்தின் வழியாக. பம்பாய், தில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய பெருநகரங்களே அப்போதைய வாசல்கள். உள்ளூர் வாசல் திறக்கும்வரை, மதுரையிலிருந்து சென்னை எண்ணைச் சுழற்றினால் அது எஸ்டிடி எனப்பட்ட வெளியூர் அழைப்பு. இரவு ஏற ஏற எஸ்டிடி கட்டணம் பாதியாகவும் கால்வாசியாகவும் இறங்கும் என்பதால், இணையம் என்பதே இரவில் செய்யும் வேலையாயிற்று. அழைத்தவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது எங்கேஜ்டு டோன். சந்தாதாரர் எண்ணிக்கைக்கு ஏற்ற மோடங்கள் மறுமுனையில் இல்லை. நிறுவனத் தலைவர் பி.கே. சிங்கால் பத்திரிகையாளர்களைக் கூட்டித் தவறு நடந்ததை ஒப்புக்கொள்ளும் அளவுக்கு அந்தத் தொடக்கம் தடுமாறியது.

அந்த நாளின் மலிவான கணக்கு மாணவர்களுக்கான ஷெல் கணக்கு. படம் கிடையாது, கறுப்புத் திரையில் எழுத்து மட்டும். பைன் என்ற நிரலில் மின்னஞ்சல், லின்க்ஸ் என்ற நிரலில் வலைப்பக்கம். முழுக் கணக்குக்கு ஆயிரக்கணக்கில் கட்டியவர்கள் ஒரு படம் வரிவரியாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், ஷெல் கணக்கு மாணவர் நாலைந்து பக்கங்களைப் படித்து முடித்திருப்பார். காசு குறைந்த கணக்குதான் கைக்கு வேகமாக இருந்தது. இருந்தும் மாணவர்கள் படம் பார்க்கவே விரும்பினர். ஷெல் கணக்கின் உள்ளேயிருந்து முழு இணைப்பைப் போலிசெய்யும் ஸ்லர்ப் போன்ற நிரல்கள் கையிலிருந்து கைக்கு நெகிழ்வட்டில் பரவின. இது வேகத்துக்காகச் செய்த குறுக்குவழி அன்று. வேகத்தை விற்றுப் படத்தை வாங்கிய குறுக்குவழி.

1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களுக்கும் இணையச் சேவை திறந்துவிடப்பட்டது. சென்னையை இருப்பிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே, அடுத்து டிஷ்நெட் ஆகியவை களமிறங்கின. மணிக்கணக்கில் விற்ற இணையப் பொதிகள் கடைகளில் குறுந்தகடாகத் தொங்கின. தொலைத்தொடர்புத் துறையின் சேவைப் பிரிவு 2000 அக்டோபர் 1 அன்று பிஎஸ்என்எல் ஆனது. அதன் சஞ்சார்நெட் அட்டையைச் சுரண்டிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் எடுத்து, 172 என்று தொடங்கும் எண்ணை உள்ளூர் அழைப்பாகவே சுழற்ற முடிந்தது. எஸ்டிடி கவலை தீர்ந்த பிறகுதான் வேகத்தைப் பற்றிய கவலை முழுமையாகத் தலைதூக்கியது.

மோடத்தின் வேகம் வளர்ந்த கதை எளிது. 1984இல் 2,400 பிட், 1991இல் 14,400, 1994இல் 28,800, இரண்டாண்டில் 33,600. அத்துடன் முடிந்தது என்றே பொறியாளர்கள் எண்ணினர். 1948இல் கிளாட் ஷானன் வகுத்த கணக்கின்படி, 3,100 ஹெர்ட்ஸ் அகலமும் வழக்கமான இரைச்சலும் கொண்ட தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 35,000 பிட்டுக்குமேல் தாங்காது. பிறகு 56கே மோடம் எப்படி வந்தது? விடை தொலைபேசி நிலையத்தில் இருக்கிறது. டிஜிட்டல் நிலையம் குரலை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டாக எழுதுகிறது. ஆக ஒரு குரல்தடம் 64,000 பிட். சேவை நிறுவனத்தின் மோடம் டிஜிட்டல் வழியிலேயே நிலையத்தோடு இணைந்திருந்தால், அங்கிருந்து வரும் தரவு கடைசிக் கம்பியில் ஒரே ஒருமுறைதான் ஒலியாக மாறும். மாற்றும்போது சேரும் இரைச்சல் ஒருபக்கம் இல்லாமல் போகிறது. அதனால் இறங்கும் திசையில் மட்டும் 56,000 வரை சாத்தியம். ஏறும் திசையில் பழைய 33,600தான். 1997இல் யுஎஸ் ரோபாட்டிக்ஸ் ஒரு முறையையும், ராக்வெல்லும் லூசென்ட்டும் வேறொரு முறையையும் விற்றன. இவை ஒன்றோடொன்று பேசா. 1998இல் வந்த வி.90 தரம் இரண்டையும் சேர்த்துவைத்தது.

இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. வீட்டுக்கும் சேவை நிறுவனத்துக்கும் இடையே ஒலி–டிஜிட்டல் மாற்றம் ஒருமுறைக்குமேல் நடந்தால் 56கே என்பது அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண் மட்டுமே. பழைய ஸ்ட்ரோஜர் நிலையங்கள் இரும்புக் கைகள் ஏறி இறங்கிச் சுழன்று இணைப்புக் கொடுத்தவை. அவற்றின் தட்டல் இரைச்சலே மோடத்தைக் கலைக்கும். 1984இல் தொடங்கப்பட்ட சி-டாட் வடிவமைத்த நிலையங்களும், பிரெஞ்சுத் தொழில்நுட்பத்தில் வந்த இ-10பி நிலையங்களும் அந்த இடத்தைப் பிடித்த பிறகே இந்திய ஊர்களில் வி.90க்கு வழி பிறந்தது. பழைய நிலையத்தில் மாட்டியவர்கள் மோடத்துக்கு டோன் ஆணைக்குப் பதில் பல்ஸ் ஆணை கொடுத்து, ஒவ்வோர் எண்ணாக டக்டக்கென்று சுழலவிட்டனர். டயல் டோன் மோடத்துக்குப் பழக்கமான சுருதியில் இல்லாத நிலையங்களில், ‘டயல் டோனுக்குக் காத்திராதே’ என்று பொருள்படும் ஏடிஎக்ஸ்3 என்ற ஆணையை எழுதிச் சேர்க்க வேண்டும். மோடம் நிறுவிக் கொடுத்தவர்கள் கூலிக்குச் செய்த வேலைகளில் பாதி இந்த இரண்டும்தான்.

நிலையம் புதிதானாலும் கம்பி பழையது. நிலையத்திலிருந்து நிலத்தடிக் கேபிள், தெருமுனையில் பில்லர் பாக்ஸ், அங்கிருந்து கம்பத்திலோ சுவரிலோ டிபி பாக்ஸ், அதிலிருந்து வீட்டுக்குத் தொங்கும் டிராப் ஒயர். ஒவ்வொரு முறுக்கு இணைப்பும் துருப்பிடிக்கும் இடம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேபிள் இணைப்புக்குள் தண்ணீர் இறங்கினால் பேச்சில் ‘கொரகொர’ கேட்கும். பேசுபவர் சமாளித்துவிடுவார், மோடம் சமாளிக்காது. காகிதக் காப்பிட்ட பழைய ஈயக் கேபிள்களை மாற்றி, நீர் புகாதபடி ஜெல்லி நிரப்பிய கேபிள் போட்ட தெருக்களில் இந்தத் தொல்லை குறைவு. 198 என்ற தொலைபேசி எண்ணில் புகார் பதிந்து, லைன்மேன் வந்து டிபி பாக்ஸில் இரண்டு முனைகளைச் சுரண்டி முறுக்கிவிட்டுப் போனால், 31,000இல் நின்ற இணைப்பு 44,000க்கு ஏறுவது உண்டு. வேகம் கூட்டும் கலையில் முதல் நிபுணர் லைன்மேன்தான் என்றால் மிகையில்லை. கணினி இதழ்கள் அவரைப் பற்றி எழுதியதில்லை.

வீட்டுக்குள்ளும் வேலை இருந்தது. கூடத்திலும் படுக்கையறையிலும் இணையாக மாட்டிய இரண்டாவது தொலைபேசி சிக்னலின் ஒரு பங்கை விழுங்கும். அதைக் கழற்றினாலே ஓரிரண்டாயிரம் பிட் கூடும். நீண்ட மலிவுக் கம்பியைச் சுருட்டி மின்கம்பிக்குப் பக்கத்தில் ஓட்டினால் ரீங்காரம் நுழையும். சித்திரை, வைகாசியில் இடியோடு வரும் கோடை மழை மோடங்களுக்குக் கண்டம். மின்னல் அழுத்தம் தொலைபேசிக் கம்பி வழியாக வந்து மோடத்தைக் கருக்கும், சிலசமயம் கணினியின் தாய்ப்பலகையையும் சேர்த்து. வானம் இருட்டினால் மின்செருகியைப் பிடுங்கியவர்கள் தொலைபேசிச் செருகியை மறந்துவிடுவார்கள். சேதம் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வந்தது.

எதிர்பாராத ஒரு பாடமும் உண்டு. இரைச்சல் மிகுந்த கம்பியில் மோடம் 48,000இல் இணைந்துவிட்டு, பிழைகள் குவியக் குவிய நின்று, மறுபடி இரைந்து, வேகத்தைப் புதிதாகப் பேரம் பேசும். அந்த நேரத்தில் தரவு ஒரு பிட்டும் நகராது. அப்படிப்பட்ட கம்பியில் வி.90ஐ அணைத்துவிட்டு மோடத்தை 33,600க்கோ 28,800க்கோ கட்டிப்போட்டால், கோப்பு முன்னைவிடச் சீக்கிரம் இறங்கும். திரையின் மூலையில் தெரிந்த எண்ணைப் பெருமையாகக் கருதியவர்களுக்கு இதை ஏற்க மனம் வரவில்லை.

அந்த மூலை எண் வேறுவிதமாகவும் ஏமாற்றியது. சில மோடங்களில் ‘115,200’ என்று காட்டும். அது கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான சீரியல் துறையின் வேகம். தெருக் கம்பியின் வேகம் அல்ல. ஆனால் அந்த அமைப்பை உயர்த்தி வைப்பதில் காரியம் இருந்தது. வி.42பிஸ் என்ற சுருக்கமுறை வெறும் எழுத்தை நான்கில் ஒரு பங்கு வரை சுருக்கி அனுப்பும். விரிந்த தரவை வாங்கிக்கொள்ளத் துறை அகலமாக இருக்க வேண்டும். பழைய கணினிகளின் சீரியல் சில்லு ஒரே ஒரு பைட்டைத்தான் தாங்கிப் பிடிக்கும். 16550 வகைச் சில்லு 16 பைட் தாங்கும். பழைய சில்லோடு புதிய வெளி மோடத்தைச் சேர்த்தால் பைட்டுகள் சிந்தும். ஏற்கெனவே சுருக்கிய படங்களிலும் பாடல் கோப்புகளிலும் வி.42பிஸ் ஒன்றும் செய்வதற்கில்லை.

மலிவான பிசிஐ மோடங்கள் மற்றொரு வகை. மோடத்தின் கணக்கு வேலையைக் கணினியின் செயலியிடமே தள்ளிவிடும் இவ்வகையைக் கடைக்காரர்கள் சாஃப்ட் மோடம் என்பர். பழைய செயலியில் ஒரு பக்கம் பாட்டு ஓடினால் மறுபக்கம் இணைப்பு அறும். தனிப் பெட்டியாக, சிவப்பு விளக்குகளோடு மேசைமேல் உட்கார்ந்த வெளி மோடத்துக்கு விலை அதிகம்; உழைப்பும் அதிகம்.

விண்டோஸ் பதிவேட்டைத் திருத்தி வேகம் கூட்டும் நிரல்கள் இதழ்களின் இலவசக் குறுந்தகடுகளில் நிறைய வந்தன. அவற்றின் முக்கியச் சாதனை எம்டியு என்ற பொட்டல அளவை 1,500 பைட்டிலிருந்து 576க்குக் குறைப்பது. பொட்டலம் சிறிதானால் தட்டிய விசைக்குப் பதில் சீக்கிரம் வரும் என்பது சரி. ஆனால் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 40 பைட் தலைப்பு ஒட்டுவதால் பெரிய கோப்புக்கு அது சுமைதான். தலைப்பைச் சுருக்கும் வான் ஜேக்கப்சன் முறை 1990இலேயே வந்து, மோடம் இணைப்புகளில் அந்தச் சுமையைப் பெரும்பாலும் இறக்கிவிட்டிருந்தது. ‘இரட்டிப்பு வேகம்’ என்ற வாக்குறுதியில் உண்மை கொஞ்சம், நம்பிக்கை மிச்சம்.

உண்மையான லாபம் பிட்டுகளை விரட்டுவதில் கிடைக்கவில்லை. மீட்டர் ஓடும் நேரத்தை வீணாக்காமல் இருப்பதில் கிடைத்தது. 40,000 பிட் இணைப்பில் ஐந்து மெகாபைட் பாடல் ஒன்று இறங்க ஏறத்தாழ 17 நிமிடம் ஆகும். பதினாறாவது நிமிடத்தில் இணைப்பு அறுந்தால் உலாவி முதலிலிருந்து தொடங்கும். விட்ட இடத்திலிருந்து தொடரும் கெட்ரைட், ஃபிளாஷ்கெட் போன்ற நிரல்கள் இதனால்தான் வீட்டுக்கு வீடு நிறுவப்பட்டன. ஓபரா உலாவியில் ஒரு பொத்தானைத் தட்டினால் படங்கள் வராது. பத்து கிலோபைட் எழுத்து இரண்டு விநாடியில் வந்து நிற்கும். அவுட்லுக் எக்ஸ்பிரஸில் மின்னஞ்சல்களை இணைப்பில்லாமல் எழுதி அடுக்கிவைத்து, இணைந்ததும் ஒரே மூச்சில் அனுப்பி, வந்தவற்றை இறக்கிக்கொண்டு இணைப்பைத் துண்டிப்பர். பல பக்கங்களைத் தனித்தனிச் சாளரங்களில் திறந்துவிட்டு, இணைப்பை வெட்டிய பின் உட்கார்ந்து படிப்பர்.

கல்லூரி வாசல்களையொட்டி முளைத்த பிரவுசிங் சென்டர்களுக்குச் சிக்கல் வேறு. ஒரே தொலைபேசி இணைப்பை நாலைந்து கணினிகளுக்குப் பங்கிட வேண்டும். விண்கேட் போன்ற பிராக்ஸி நிரல்கள் இதற்கு வந்தன. 1999இல் வெளியான விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் இணைப்பைப் பகிரும் வசதி கூடவே இருந்தது. 40,000 பிட்டை ஐந்தாகப் பிரித்தால் ஆளுக்கு எட்டாயிரம் என்று தோன்றும். நடப்பில் அவ்வளவு மோசமில்லை. ஒருவர் படிக்கும் நேரத்தில் இன்னொருவர் இறக்கிக்கொள்வார். எல்லோரும் யாஹூவையும் ஹாட்மெயிலையுமே திறந்ததால், முதலாமவருக்கு வந்த சின்னங்களையும் படங்களையும் பிராக்ஸி நிரல் சேமித்துவைத்து மற்றவர்களுக்குத் தன் வட்டிலிருந்தே கொடுத்துவிடும். தமிழ்நாட்டு நெட் சென்டர்களில் இதுவே மெய்யான வேகக் கருவி. வசதியுள்ளவர்கள் இரண்டு மோடம், இரண்டு லைன் போட்டு மல்டிலிங்க் முறையில் சேர்த்தனர். தொலைபேசிக் கட்டணமும் இரட்டித்தது. ஐஎஸ்டிஎன் எடுத்தவர்களுக்கு 64,000 பிட் தடங்கள் இரண்டு, ஒலிமாற்றமே இல்லாமல். ப்ளஸ் டூ முடிவு வெளியாகும் காலையில் இவை எதுவும் உதவாது. மாநிலம் முழுதும் ஒரே முகவரியைத் தட்டும்போது நெரிசல் கம்பியில் இல்லை, மறுமுனையில் இருக்கிறது.

தமிழ்ப் பக்கங்களுக்குத் தனித் தொல்லை. பொது எழுத்துரு இல்லாத காலத்தில் ஒவ்வொரு பத்திரிகைத் தளமும் தன் எழுத்துருவை இறக்கச் சொன்னது, அல்லது பக்கத்தோடு அதையும் அனுப்பியது. சில தளங்கள் எழுத்தைப் படமாகவே போட்டன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகைக்கும் குறியேற்றத்துக்கும் தரம் வகுத்தது. அதற்கு வெளியே டிஸ்கி முறையும் பரவலாக வழங்கியது. டிஸ்கியில் ‘மதுரை’ என்று எழுத நான்கு பைட் போதும். பின்னர் வென்ற யூனிகோடு முறையில் அதே சொல்லுக்கு யூடிஎஃப்-8 வடிவில் 15 பைட் வேண்டும். டயல்-அப்பில் இருந்தவர்களுக்கு யூனிகோடு இலவசமாகக் கிடைத்த சீர்திருத்தம் அல்ல. ஊர்ப்பெயரைத் தாங்கிய மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கப்பட்டது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்திய இந்தத் தன்னார்வப் பணி, பழந்தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கியது. அலங்காரமில்லாத எழுத்துக் கோப்புகள் என்பதால் ஒரு முழு நூல்கூட மோடத்தில் சில நிமிடங்களில் இறங்கியது.

இந்த வட்டாரத்தில் டயல்-அப்பின் வரம்பை நேரடியாக உடைக்கப் பார்த்த முயற்சி நகருக்குள் நடக்கவில்லை. வடகிழக்கே மேலூர் வட்டத்தில் நடந்தது. சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா முன்னின்ற டெநெட் குழு, கம்பியே இல்லாத கார்டெக்ட் என்ற தொலைபேசி முறையை மைடாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியிருந்தது. கோபுரத்திலிருந்து 10 கிலோமீட்டர் வரை எட்டும். இடைக்கோபுரம் வைத்தால் 25 வரை. பேசிக்கொண்டே 35,000 பிட்டும், பேசாதபோது 70,000 பிட்டும் கிடைக்கும். முக்கியமான வேறுபாடு எண்ணில் இல்லை. டயல்-அப்பில் இணையத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் நிலையத்தில் ஒரு குரல்தடத்தை மணிக்கணக்கில் அடைத்துக்கொண்டிருப்பர். கார்டெக்ட் தரவை நிலையத்துக்குள் விடாமலே பிரித்து அனுப்பிவிடும். மீட்டர் ஓடாது, எங்கேஜ்டு டோன் இல்லை. இந்த முறையைக் கொண்டு மேலூர் வட்டத்தில் 2001இல் தொடங்கிய சாரி திட்டத்தில் ஐஐடியோடு ஹார்வர்டு பல்கலைக்கழகமும் எம்ஐடி ஊடக ஆய்வகமும் சேர்ந்தன. என்-லாக் நிறுவனம் சேவை நடத்தியது. ஏறத்தாழ 50,000 ரூபாய் முதலீட்டில் கணினி, கேமரா, அச்சுப்பொறியோடு ஊர்ப் பிள்ளைகளே மையம் வைத்தனர். கிராமத்தில் எடுத்த கண்ணின் படம் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது. தொழில்நுட்பம் தேறியும் வருமானம் தேறவில்லை; சில ஆண்டுகளில் பல மையங்கள் மூடப்பட்டன.

நகரத்தில் அதே தத்துவம் பழைய செம்புக் கம்பியிலேயே வந்தது. 2004 அக்டோபரில் மத்திய அரசின் அகண்ட அலைவரிசைக் கொள்கை, விநாடிக்கு 2,56,000 பிட்டைக் குறைந்தபட்ச அளவாக வைத்தது. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் சேவையைத் தொடங்கியது. ஏடிஎஸ்எல் மோடம் குரலின் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலே, யாரும் தொடாமல் கிடந்த உயர் அலைவரிசையில் தரவை ஓட்டி, நிலையத்தின் வாசலிலேயே அதைக் குரலிலிருந்து பிரித்துவிடும். ஏழெட்டு ஆண்டுகளாகக் குற்றம் சாட்டப்பட்ட கம்பியே ஆறேழு மடங்கு வேகம் கொடுத்தது; தடை இருந்தது நிலையத்துக் குரல் வடிகட்டியில். துருப்பிடித்த இணைப்புகள் மட்டும் ஏடிஎஸ்எல்லையும் விடவில்லை. லைன்மேனின் தேவை குறையவில்லை. நிலையத்துக்கு அருகிலிருந்த கோரிப்பாளையம் போன்ற இடங்களுக்கு ஏடிஎஸ்எல் இயல்பாகவே பொருந்தியது. நேரத்தை எண்ணிய மீட்டர் போய் மெகாபைட்டை எண்ணும் மீட்டர் வந்தது. பின்னிரவு 2 மணியிலிருந்து காலை 8 மணிவரை அளவில்லை என்ற திட்டம் வந்ததும், கணினியை விடிய விடிய இறக்கவிட்டுத் தூங்கும் பழக்கமும் வந்தது.

நிலையத்திலிருந்து நாலைந்து கிலோமீட்டருக்கு அப்பால் ஏடிஎஸ்எல் சிக்னல் தேய்ந்துவிடும். அப்படிப்பட்ட புறநகர்களுக்கும் கிராமங்களுக்கும் சிடிஎம்ஏ கம்பியில்லாத் தொலைபேசிகளும் டேட்டா கார்டுகளும் போயின. உச்சமாக 1,44,000 பிட் என்றார்கள். கிடைத்தது அதைவிடக் குறைவு. அந்தக் கருவியைக் கணினி ஒரு மோடமாகவே கண்டது. விண்டோஸின் அதே டயல்-அப் சாளரத்தைத் திறந்து, எண் கேட்கும் கட்டத்தில் #777 என்று நிரப்பி, ‘டயல்’ பொத்தானைத் தட்டித்தான் இணைந்தார்கள்.